ரப்பர் கொட்டையில் டீசல் எடுக்கலாமா? ஒன்றரை ஏக்கர் விளை, ஒரு பழைய பம்ப்

திற்பரப்பு விளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குத் திற்பரப்புப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. சரிவில் முப்பது சென்ட் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு). அப்பா இருந்தவரை பால் வெட்டு, பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிப்பது எல்லாம் அவர் பாடு. மூன்று வருடமாக நான் பார்க்கிறேன்.

வாழைக்கு ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்ற 5 ஹெச்.பி. டீசல் பம்ப் ஒன்று வைத்திருக்கிறோம். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மாதம் 30 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் போன பிறகு, வாழைக்குலை விற்ற காசைக் கொண்டுபோய் பெட்ரோல் பங்கில் கொடுப்பது போலத்தான் இருக்கிறது.

ஆடிக் கடைசியிலிருந்து ரப்பர் காய் வெடிக்கிற சத்தம் விளை முழுக்கக் கேட்கும். கொட்டை சும்மா சிதறிக் கிடக்கும். நர்சரிக்காரர்கள் கொஞ்சம் வாங்குவார்கள், மிச்சம் மழையில் அழுகிப் போகும். போன ஆவணியில் நானும் பிள்ளைகளும் பொறுக்கி நிறுத்துப் பார்த்தோம். 120 கிலோ இருந்தது. ஒன்றை உடைத்து விரலால் நசுக்கினால் கையெல்லாம் எண்ணெய்.

அண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் கப்பல் போகிற வழியில் சண்டை என்று செய்தி வந்தால் முதலில் அவனை நினைத்துப் பயம், அடுத்து இங்கே டீசல் விலை என்னாகும் என்கிற பயம். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறதாமே. காலடியில் எண்ணெய் கிடக்கும்போது இப்படிக் காத்துக்கிடக்க மனசு கேட்கவில்லை.

கொட்டையை எக்ஸ்பெல்லரில் ஆட்டி அந்த எண்ணெயை அப்படியே பம்பில் ஊற்றலாமா? இல்லை, பயோடீசலாக மாற்றித்தான் ஊற்ற வேண்டுமா? வீட்டிலேயே மாற்றலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தூத்தூர் ஸ்ராங்கு:

தம்பி, அப்படியே ஊற்றாதீர்கள். எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் அதைத் தூவலாகப் பீய்ச்ச முடியாமல் துளித்துளியாக விடும். பாதி எரிந்து, பாதி கரியாகி நாசிலில் ஒட்டும். எங்கள் ஊரில் ஒருவர் சின்ன இன்ஜினில் டீசலும் பழைய தேங்காய் எண்ணெயும் பாதிக்குப் பாதி ஊற்றினார். ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் ரிங் எல்லாம் தார் பூசின மாதிரி ஒட்டிக்கிடந்தது.

எங்கள் பாட்டா காலத்தில் புன்னைக்காய் எண்ணெய் கரையில் எல்லா வீட்டிலும் இருக்கும். வள்ளத்துப் பலகைக்குப் பூசவும் விளக்கு எரிக்கவும் அதுதான். அதனால் நம் மண்ணு எண்ணெயை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாங்கள் தங்குகடல் போகிறவர்கள், ஒரு தடவை 8,000 லிட்டர் டீசல் ஏற்றிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடப்போம். பிடித்துவருகிற மீனில் பெரும்பங்கு டீசலுக்கே போகிறது. நல்ல பயோடீசல் வந்தால் முதலில் வாங்க நிற்பது நாங்கள்தான். ஆனால் அது ஈரத்தை இழுக்கும், டேங்கில் வாரக்கணக்கில் கிடந்தால் பாசி மாதிரி ஒன்று பிடித்து ஃபில்டரை அடைக்கும் என்று படகு மெக்கானிக் சொல்கிறார். கரையிலிருந்து 200 கடல் மைலில் இன்ஜின் நின்றால் கேட்க ஆளில்லை. ஆகவே முதலில் கரையில், உங்களைப் போல ஒரு பம்பில் ஓட்டிப் பார்த்து நிலைக்கட்டும்.

அருமனை லேப் அக்கா:

தம்பி, நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் 28 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கும் அருமனையில் ஒரு ஏக்கர் ரப்பர் உண்டு. நீங்கள் கேட்ட இதே கேள்வியோடு 2009-ல் எங்கள் மூன்றாம் வருடப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு சாக்கு ரப்பர் கொட்டையைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்தார்கள். ஆறு மாதம் அதோடு கிடந்தோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயோடீசல் என்பது எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்துச் சூடாக்கி, அதில் கொஞ்சம் காஸ்டிக் சோடா போட்டு, கிளிசரினைக் கீழே இறக்கிவிட்டு மேலே நிற்கிற மெல்லிய திரவத்தை எடுப்பது. நல்ல கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எடுத்தால் இது சுலபம். 60 டிகிரிக்குள் வைத்துக் கலக்கினால் ஒரு மணி நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும், பார்க்கவே அழகாக இருக்கும். ரப்பர் கொட்டை எண்ணெய் அப்படி ஒத்துவராது. அதில் தனி அமிலம், அதாவது எண்ணெய் சிதைந்து பிரிந்து நிற்கிற கொழுப்பு அமிலம், அதிகம். இரண்டு மாதம் சாக்கில் கிடந்த கொட்டையை ஆட்டி நாங்கள் அளந்ததில் 18 விழுக்காடு வந்தது. இரண்டு, மூன்று விழுக்காட்டுக்கு மேல் போனாலே காஸ்டிக் சோடா அந்த அமிலத்தைப் பிடித்துச் சோப்பாக்கிவிடும். எங்கள் முதல் குடுவை கஞ்சி மாதிரிக் கட்டிப்போனது. பிள்ளைகளின் முகம் வாடிப்போனது இன்னும் நினைவிருக்கிறது.

பிறகுதான் கோழிக்கோடு என்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2005-ல் ரப்பர் கொட்டை எண்ணெய் பற்றி வெளியிட்ட கட்டுரையைத் தேடி எடுத்தோம். அவர்கள் சொன்ன வழி இரண்டு கட்டம். முதலில் கந்தக அமிலம் போட்டு அந்தத் தனி அமிலத்தை ஒடுக்க வேண்டும், அடுத்துத்தான் காஸ்டிக் சோடா. அப்படிச் செய்தபோது வந்தது. லேபில் இருந்த சின்ன டீசல் இன்ஜினில் ஐந்துக்கு ஒரு பங்கு கலந்து ஓட்டினோம், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆகவே, முடியுமா என்றால் முடியும். உங்கள் வீட்டில், உங்கள் 120 கிலோவில் செய்ய வேண்டுமா என்பதுதான் நான் பேச வருவது.

கணக்கைப் பாருங்கள். 120 கிலோ கொட்டையைக் காயவைத்து ஓடு நீக்கினால் பருப்பு 60, 65 கிலோ நிற்கும். பருப்பில் எண்ணெய் 40 விழுக்காட்டுக்கு மேல் உண்டு, ஆனால் எக்ஸ்பெல்லர் அவ்வளவையும் பிழியாது, புண்ணாக்கில் கொஞ்சம் தங்கும். கைக்கு 20 லிட்டர் வந்தால் சந்தோஷப்படலாம். மாற்றி, கழுவி, தண்ணீர் வற்றவைத்தால் 18 லிட்டர். ஒரு வருடக் கொட்டை முழுவதும் உங்கள் பம்புக்குப் பதினெட்டு நாள் எரிபொருள். அதுவும் மழைக்காலத்தில் காய் அழுகாமல் இருந்த வருடத்தில். காய் அழுகல் விழுந்த வருடம் எங்கள் விளையில் ஒரு கூடைகூடத் தேறியதில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இதை வீடியோக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அந்த 20 லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு கட்டத்திலுமாகச் சேர்த்து 8, 10 லிட்டர் மெத்தனால் வேண்டும். மிஞ்சுவதை மீட்டெடுக்கலாம், ஆனால் அதற்குக் காய்ச்சி வடிக்கிற ஏற்பாடு வேண்டும், வீட்டு அடுப்பில் நடக்காது. அந்த மெத்தனால் எங்கிருந்து வருகிறது? நம் நாடு பயன்படுத்துகிற மெத்தனாலில் பெரும்பகுதி இறக்குமதிதான், அதுவும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து. டீசல் டேங்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெத்தனால் டேங்கருக்குக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். நம் மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. 1959-லிருந்து இருக்கிற விதி அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதை நான் 28 வருடம் அலமாரியில் பூட்டி வைத்துக் கணக்கு எழுதியவள். பகலில் அது எரிந்தால் தீ கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் முதலில் பார்வை போகும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் கேனை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, அப்புறம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். பம்பை விட்டுவிட்டு உங்கள் அடுக்களைக்குள் வாருங்கள்.

அங்கே நிற்கிற சிலிண்டரும் கப்பலில் வந்ததுதான். நாடு எரிக்கிற சமையல் கேஸில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 60 விழுக்காடு இறக்குமதி. பெட்ரோல், டீசல் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. டீசலுக்கு மாற்று செய்ய மெத்தனால் வேண்டும், அமிலம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். சிலிண்டருக்கு மாற்று செய்யச் சாணி போதும். அப்புறம் நம் குலசேகரம், அருமனைப் பக்கத்து வீடுகளில் மட்டும் கிடைக்கிற ஒரு பொருள் உண்டு: ஷீட் தண்ணீர்.

பாலில் ஆசிட் விட்டு உறைந்த பிறகு டிஷ்ஷில் நிற்கிற அந்த மஞ்சள் தண்ணீரைச் சொல்கிறேன். அதையும் ரோலர் கழுவின தண்ணீரையும் என்ன செய்கிறீர்கள்? ஓடையில்தானே விடுகிறீர்கள்? நாங்களும் அப்படித்தான் விட்டோம். மதியத்துக்குமேல் நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த நாற்றத்துக்குக் காரணமே அதில் கரைந்திருக்கிற சர்க்கரையும் புரதமும்தான். கேஸ் உண்டாக்குகிற கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஷீட் தண்ணீரில் கேஸ் எடுக்கிற முறையை எப்போதோ வகுத்துக் கொடுத்திருக்கிறது. நம் பக்கத்தில் அதை எடுத்துச் செய்தவர்கள்தான் குறைவு.

எங்கள் வீட்டில் 2011-ல், நாளுக்கு 2 கன மீட்டர் கேஸ் தருகிற, தீனபந்து என்கிற வகைச் சாண எரிவாயுத் தொட்டி கட்டினோம். செங்கல் கட்டி மண்ணுக்குள் புதைத்த கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும், மேலே இரும்பு மூடி கிடையாது, அதனால் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. முழுக் கேஸ் வேண்டுமானால் நாளுக்கு 50 கிலோ சாணி போட வேண்டும், அதாவது நான்கைந்து மாடு. எங்களிடம் இரண்டு மாடுதான். மிச்சத்தை ஷீட் தண்ணீரும் அடுக்களைக் கழிவும் ஈடுகட்டுகின்றன. முன்பு மாதம் ஒரு சிலிண்டர் தீரும். இப்போது ஒரு சிலிண்டர் நான்கு மாதம் வருகிறது, மழைக்காலத்தில் மூன்று. வெளியே வருகிற கரைசலை வாழைக்கு விடுகிறோம். யூரியா வாங்கி ஏழெட்டு வருடமாகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தொட்டி கட்டின மூன்றாம் மாதம், ஆர்வத்தில் ஒரு வாரத்து ஷீட் தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் ஊற்றிவிட்டேன். அது புளிப்புத் தண்ணீர். கிருமிகள் சுருண்டுவிட்டன. மூன்று வாரம் அடுப்பு பற்றவே இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரும் புதுச் சாணியும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் மீட்டேன். இவ்வளவு வருடம் pH அளந்தவளே இப்படிச் செய்துவிட்டேனே என்று அன்றைக்கு மிகவும் வருத்தப்பட்டேன். அதனால் சொல்கிறேன், ஷீட் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, சாணியோடு கலக்கி, முதல் மாதம் நாளுக்கு ஒரு வாளிக்கு மேல் விடாதீர்கள்.

நாகர்கோவில் சிப்ஸ் கடை:

நான் கோட்டாறு பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறேன், 19 வருடமாக. அக்கா சொன்னது சரி. நான் பழைய எண்ணெய் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

2018-லிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொரித்த எண்ணெயைப் பயோடீசலுக்குக் கொடுங்கள் என்கிறது. எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் புழங்குகிற கடை கணக்கு எழுத வேண்டும். நல்ல விதி. ஆனால் சிப்ஸ் கடையில் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். ஒரு கிலோ சிப்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். காயே எண்ணெயைக் குடித்துவிடும், நாங்கள் தினமும் புதிது விட்டுக்கொண்டே இருப்போம். சட்டியின் அடியில் நிற்கிற கசடு வாரத்துக்கு ஒரு கேன் வரும். அதை வாங்க சைக்கிளில் ஆள் வருவார். எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டேன், தட்டுக்கடைக்கு என்றார். அன்றோடு அவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது முறையாக ரசீது கொடுத்து எடுக்கிற ஏஜென்சிக்குத்தான் கொடுக்கிறேன், காசு குறைவு என்றாலும். அது டீசலாகிறதோ இல்லையோ, இன்னொரு பிள்ளையின் வயிற்றுக்குள் போகவில்லை.

பிலிப்பைன்ஸில் டீசலில் தேங்காய் எண்ணெய் கலக்கிறார்கள், 2024 அக்டோபரிலிருந்து 3 விழுக்காடு என்று எங்கள் கடைக்கு வருகிற ஒரு சார் சொன்னார். நம் மாவட்டம் முழுக்கத் தென்னைதானே, நாமும் செய்யலாம் என்றார். 2025-ல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது நான் இரண்டு மாதம் கடையைப் பாதி நேரம்தான் திறந்தேன். அதை வண்டியில் ஊற்றச் சொன்னால் நாங்கள் எங்கே போவோம்?

திற்பரப்பு விளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. லேப் அக்கா எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "அந்த நாத்தத் தண்ணியில சோறு வேவுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

மூன்று சந்தேகம். ஒன்று, எங்களிடம் மாடு ஒன்றுதான். இரண்டு, அந்தக் கேஸிலேயே பம்பையும் ஓட்ட முடியாதா? மூன்று, மரச்சீனியில் எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கலாம் என்கிறார்களே. இங்கே சில வருடம் கிழங்கு விலை விழுந்து பிடுங்கின கூலிகூடக் கிடைப்பதில்லை. அதற்காவது வழி இருக்கிறதா?

அருமனை லேப் அக்கா:

அம்மாவிடம் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் சோறு வேகிறது, மீன் குழம்பும் கொதிக்கிறது. நாற்றம் தொட்டிக்கு வெளியேதான், அடுப்பில் இல்லை. வருகிற கேஸை லேத் பட்டறையில் கிடைக்கிற இரும்புச் சுருள் அடைத்த ஒரு குழாய் வழியே விட்டால் அழுகின முட்டை வாடையும் போய்விடும். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள், ஓட்டை சிறிதாக இருக்கும், சுடர் நிற்காது. இதற்கென்று அடுப்பு தனியாக விற்கிறது.

ஒரு மாடு என்றால் 1 கன மீட்டர் தொட்டி போதும். பெரிதாகக் கட்டிக் காலியாக வைப்பதில் லாபமில்லை. 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டர் கேஸ், அது ஏறக்குறைய 450 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். உங்கள் ஒரு மாட்டுச் சாணி அதில் பாதிதான் இருக்கும். ஷீட் அடிக்கிற நாட்களில் அந்தத் தண்ணீர், மரச்சீனித் தோல், சோறு வடித்த கஞ்சி, மீன் கழுவின தண்ணீர் என்று எல்லாவற்றையும் தொட்டியில் விடுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தார் அடுக்களைக் கழிவை மட்டுமே போட்டு ஓட்டுகிற 'சக்தி சுரபி' என்று ஒரு கலம் வைத்திருக்கிறார்கள். தொட்டி கட்டுமுன் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு நாள் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தோம். நீங்களும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

பம்ப் ஓடாது தம்பி. டீசல் இன்ஜினில் கொஞ்சம் டீசலும் மிச்சம் கேஸுமாக ஓட்டுகிற முறை உண்டு. ஆனால் 5 ஹெச்.பி. ஒரு மணி நேரம் ஓட 2 கன மீட்டருக்கு மேல் கேட்கும். நான்கைந்து மாட்டின் ஒரு நாள் கேஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடும். பம்புக்கு விவசாய மின் இணைப்புக்கு எழுதி வையுங்கள், இல்லையென்றால் மானியத்தில் சோலார் பம்ப் கிடைக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். எந்த வேலைக்கு எந்த எரிபொருள் பொருந்துமோ அதைத்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கொட்டையில் முடிக்க நினைத்து நாங்கள் ஒரு தடவை பட்டுவிட்டோம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆரல்வாய்மொழிப் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தில் பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு நட்டார். அப்போது நாடு முழுக்க அதே பேச்சு. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மேயாது என்றார்கள். ஒரு கம்பெனி கன்று கொடுத்து, விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியும் கொடுத்தது. ஆடு மேயவில்லை, அது உண்மை. தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு இருந்ததும் உண்மை. காய்தான் இல்லை. மூன்றாம் வருடம் மூன்று ஏக்கரிலும் சேர்த்து நான்கு சாக்கு தேறியது. கம்பெனிக்குப் போன் செய்தால் நம்பர் இல்லை. அந்த நிலத்தில் முன்பு அவர் உளுந்தும் கொள்ளும் போட்டுக்கொண்டிருந்தார். செடியைப் பிடுங்கிச் சீராக்க இரண்டு வருடம் பிடித்தது. அந்த மனுஷன் அதற்குப் பிறகு யார் வந்து புதுப் பயிர் என்று சொன்னாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். நாடு எண்ணெய்க்கு வெளியே கையேந்தக் கூடாது என்று அவர் மனசார நம்பித்தான் நட்டார். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது அவர் மட்டும்தான் என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

மரச்சீனிக்கு வருகிறேன். 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையிலேயே எத்தனாலுக்கு மரவள்ளியைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டன் கிழங்கில் 150 லிட்டருக்கு மேல் எடுக்கலாம். ஆனால் அதற்குப் பெரிய ஆலை வேண்டும், வருடம் முழுக்கக் கிழங்கு வர வேண்டும். நம் மாவட்டத்தில் முப்பது சென்ட், நாற்பது சென்டாகக் கிடக்கிற விளைகளை நம்பி யாரும் ஆலை வைக்க மாட்டார்கள். வைத்தாலும் எனக்கு முழு மனசு இல்லை. மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பியபோது நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்கள் தீவனம் கிடைக்காமல் அலைந்ததைப் பார்த்தோம். இங்கே மரச்சீனி ஏழை வீட்டின் காலைச் சாப்பாடு. விலை விழுந்த வருடம் வாட்டி உலர்த்தி வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும், நம் பாட்டிமார் செய்ததுதான்.

எத்தனால் கூடாது என்று நான் சொல்லவில்லை. பங்கில் இப்போது 20 விழுக்காடு கலந்துதான் வருகிறது. அந்த அளவுக்கு இறக்குமதி குறையும் என்றால் நல்லதுதான். ஆனால் உங்கள் பைக் பழையதென்றால் மழைக்காலத்தில் டேங்க் மூடியைக் கவனியுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் தனியாக நின்றுவிடும், வண்டி பற்றாது.

ரப்பர் கொட்டையைப் பற்றி முடிவாக ஒன்று. அதை வீணாக்கச் சொல்லவில்லை. ஒரு வீடு தனியாகச் செய்தால்தான் பதினெட்டு நாள் கணக்கு வருகிறது. உங்கள் பகுதியில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் அங்கே பேசுங்கள். கொட்டை விழுந்த வாரத்திலேயே பொறுக்கி, ஷீட் உலர்த்துகிற புகைப்புரைச் சூட்டில் காயவைத்து, சேர்த்து ஆட்டினால் அமிலம் ஏறாது, சோப்பு, பெயின்ட் செய்கிறவர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள். அந்தக் காசில் உங்கள் தொட்டிக்குச் செங்கல் வாங்கலாம். புண்ணாக்கை மட்டும் மாட்டுக்கு அப்படியே வைக்காதீர்கள், மரச்சீனியில் உள்ள அதே நஞ்சு அதிலும் உண்டு. உரமாகப் போடுங்கள், இல்லையென்றால் தொட்டியிலேயே விடலாம்.

தூத்தூர் ஸ்ராங்கு:

அக்கா, கரையில் மீன் வெட்டுகிற இடத்தில் குடலும் செதிளும் கூடைகூடையாகக் கொட்டுகிறோம். அதையும் இப்படித் தொட்டியில் விடலாமா? எங்கள் வீட்டில் மாடு கிடையாது.

அருமனை லேப் அக்கா:

விடலாம் தம்பி, மீன் கழிவில் கேஸ் நன்றாக வரும். ஆனால் அதை மட்டுமே போட்டால் அமோனியா ஏறித் தொட்டி கெட்டுவிடும். வாழைத் தண்டு, கஞ்சித் தண்ணீர், காய்கறித் தோல் என்று மூன்று பங்குக்கு ஒரு பங்கு மீன் என்று போடுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவினதை விடக் கூடாது. முதலில் நிரப்ப மட்டும் யாரிடமாவது சாணி வாங்குங்கள், அதில்தான் கிருமி இருக்கிறது. பக்கத்தில் ஏற்கெனவே ஓடுகிற தொட்டி இருந்தால் அதன் கரைசல் இன்னும் நல்லது.

திற்பரப்பு விளைக்காரன்:

அக்கா, அம்மா சம்மதித்துவிட்டார்கள். மாட்டுத் தொழுவத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இடம் அளந்துவிட்டேன், பதினொரு அடி. கொத்தனார் இதற்குமுன் தீனபந்து கட்டியதில்லை என்கிறார். உங்கள் தொட்டியைக் கட்டியவர் இன்னும் வேலை செய்கிறாரா? அந்தக் கரைசலும் கொஞ்சம் கிடைக்குமா?

அருமனை லேப் அக்கா:

செய்கிறார், இப்போது களியல் பக்கம் ஒரு வீட்டு வேலையில் இருக்கிறார். உங்கள் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் பக்கத்தில் நின்று ஒரு தொட்டி பார்த்தால் போதும், கவிழ்ப்பு வளைவு மட்டும்தான் பழக வேண்டியது. இடம் அளந்தது சரி, கிணறு எவ்வளவு தூரம் என்று எழுதவில்லையே? பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கரைசல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான மூடி போட்ட 20 லிட்டர் கேன் நான்கு கொண்டுவாருங்கள், முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு எடுத்துப் போக வேண்டும், வழியில் கேஸ் பிடித்து மூடி தெறிக்கும். பஸ்ஸில் வேண்டாம், ஆட்டோவில் வாருங்கள். சனிக்கிழமை காலையில் வெட்டு முடிந்து ஷீட் அடிக்கிற நேரத்துக்கு வந்தால் எவ்வளவு தண்ணீர் விடுகிறேன் என்று நேரிலேயே பார்க்கலாம்.